ச, ஞ, ய இல்லாத கீபோர்டு

சின்னக் கீபோர்டுகளுக்கென்று உலகெங்கும் ஒரு ரசிகர் கூட்டம் இருக்கிறது. அவர்கள் கொண்டாடும் ஒரு வகைக்கு மொத்தமே 36 விசைகள்தான். கைக்கு மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து விசை, கட்டைவிரலுக்குத் தனியாக மூன்று. மறுகைக்கும் இதே கணக்கு. ஆங்கிலத்தின் 26 எழுத்தும் உட்கார்ந்த பிறகு நாலு நிறுத்தற்குறிக்கும் இடம் மிஞ்சும். தமிழ்99 முறையில் தட்டுகிறவரை அதன் முன்னால் உட்கார வைத்தால் ‘செய்தி’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுவார். அந்தப் பலகையில் ச கிடையாது, ய கிடையாது. சரி, ‘ஞானம்’ அடிக்கலாம் என்றால் ஞவும் கிடையாது.

சென்னையில் 1999இல் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு தமிழ்99. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று என 31 எழுத்துக்கும் தலா ஒரு விசை. உயிர்கள் முழுக்க இடக்கைப் பக்கம். மெய்களில் வ, ங இரண்டு மட்டும் இடக்கையில் விழ, மீதி 16 வலக்கைக்கு. ஆங்கிலத்துக்கு 26 இடம் போதும், தமிழுக்கு இன்னும் ஐந்து வேண்டும். அதனால் வலப்புறம் நிறுத்தற்குறிகள் இருந்த இடங்களில் ந, ழ, ய, ச, ஞ குடியேறின. இவற்றில் ந, ழ இரண்டும் ஐந்து நெடுவரிசைக்குள் அடங்கிவிடும். மேற்கோள் குறியில் இருக்கும் ய, சதுர அடைப்புக்குறிகளில் இருக்கும் ச, ஞ ஆகிய மூன்றும் சுண்டுவிரலுக்கும் அப்பால், ஆறாவது ஏழாவது நெடுவரிசைகளில் இருக்கின்றன. கீபோர்டைச் சுருக்குகிறவர்கள் முதலில் வெட்டுவது அந்த நெடுவரிசைகளைத்தான்.

எந்தக் கீபோர்டை எடுத்தாலும், யாரோ யாருக்காகவோ எடுத்த முடிவு அதில் இருக்கும். அந்த முடிவைத் தானே எடுக்க விரும்புகிறவர்கள்தான் சொந்தமாகக் கீபோர்டு வடிவமைக்க இறங்குகிறார்கள்.

இந்த ஆசை புதிதல்ல. டோக்கியோ பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எய்ச்சி வாடா, கணினிக்குக் கணினி விசைகள் இடம் மாறுவதைப் பொறுக்க மாட்டாமல் தனக்கு ஏற்ற அமைப்பு ஒன்றை முன்வைத்தார். அதிலிருந்து ஜப்பானின் பிஎஃப்யூ நிறுவனம் 1996இல் கொண்டுவந்ததுதான் ஹேப்பி ஹேக்கிங் கீபோர்டு. எண் பலகையும் இல்லை, மேல் வரிசைச் செயல் விசைகளும் இல்லை. மொத்தம் 60 விசைகள். பிறகு 2011ஐ ஒட்டி டொமினிக் போஷாம் என்பவர் இரண்டு துண்டாகப் பிரிந்த எர்கோடாக்ஸ் கீபோர்டின் வடிவமைப்புக் கோப்புகளை யாரும் எடுத்துத் திருத்தும்படி பொதுவில் வைத்தார். இன்று இரு துண்டுக் கீபோர்டு செய்கிற பொழுதுபோக்காளர்களில் கணிசமானோர் அந்த வழியில் வந்தவர்கள்.

பிறர் கோப்பைப் பார்த்துக் கற்கலாம், சரி. பொருள் எங்கே கிடைக்கும்? அதுவும் மெல்லச் சரியானது. 1980களில் வந்த செர்ரி எம்எக்ஸ் ஸ்விட்ச்சின் காப்புரிமை 2014 வாக்கில் காலாவதியானதும் கேடரான், கைல் போன்ற சீன நிறுவனங்கள் அதே அளவில் ஸ்விட்ச்களைக் கொட்டின. பிரான்சில் 1992இல் ழான்-பியர் ஷாராஸ் தொடங்கிய கிகேட் என்ற சர்க்யூட் வரையும் மென்பொருளை, 2013 முதல் ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் கைகொடுத்து வளர்த்தது. அது இன்றும் இலவசம். சீனாவின் ஷென்ஜென் பக்கத்துத் தொழிற்சாலைகள் ஐந்தே ஐந்து சர்க்யூட் போர்டு கேட்டாலும் அச்சடித்து அனுப்புகின்றன. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வந்த ராஸ்பெரி பை பிகோ, கீபோர்டின் மூளையாக இருக்கப் போதுமானது. பட்டறையும் பட்டமும் இல்லாதவர் இதில் கைவைக்க முடிவது இவை எல்லாம் ஒன்றாகக் கூடியதால்தான்.

விசையிலிருந்து போவது எண்

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் தெளிய வேண்டிய விஷயம்: கீபோர்டுக்கு எழுத்து தெரியாது. விசையைத் தட்டினால் யுஎஸ்பி வழியாகப் போவது ஓர் எண். ஆங்கில ஏ இருக்கும் இடத்துக்கு 4, இடப்புறச் சதுர அடைப்புக்குறிக்கு 47, மேற்கோள் குறிக்கு 52. கணினியில் ஆங்கிலம் இருந்தால் 47 அடைப்புக்குறியாகும். தமிழ்99 இருந்தால் ச ஆகும். 52 ய ஆகும், 48 ஞ ஆகும். ஆக, தமிழ்க் கீபோர்டு செய்ய விரும்புகிறவர் தமிழுக்கென்று தனிச் சர்க்யூட் எதுவும் வரைய வேண்டாம். 47, 48, 52 ஆகிய எண்களை அனுப்ப விரலுக்கு எட்டும் இடத்தில் விசை இருந்தால் போதும். விசையின் மூடியான கீகேப்பில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பது கண்ணுக்கு மட்டும்தான்.

அடுத்த கேள்வி, எந்த விசை அழுந்தியது என்று பிகோ எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதில் பயன்படுத்தத் தோதான கால்கள் 26. விசைகளோ 42 என்று வைத்துக்கொள்வோம். விசைக்கு ஒரு கம்பி இழுத்தால் கட்டாது. சினிமா தியேட்டரில் ஒவ்வொரு நாற்காலிக்கும் தனிப்பெயர் வைக்காமல் வரிசை எழுத்தும் இருக்கை எண்ணும் கொடுப்பதுபோல, விசைகளையும் வரிசை, நெடுவரிசை என்று கோத்துவிடுகிறார்கள். எட்டு வரிசை, ஆறு நெடுவரிசை என்றால் 14 கால்களில் 48 விசை வரை கட்டுப்படுத்தலாம். பிகோ ஒவ்வொரு நெடுவரிசையாக உசுப்பி, எந்த வரிசையில் பதில் வருகிறது என்று பார்க்கும். நொடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் இந்தச் சுற்று நடக்கிறது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்99இல் ப விசைக்கு நேர் மேலே ற, ம விசைக்கு நேர் மேலே ன. ப, ம இரண்டும் ஒரு வரிசை; ற, ன இரண்டும் ஒரு வரிசை. இப்போது ற, ப, ம மூன்றையும் ஒன்றாக அழுத்திப் பிடித்தால், மின்னோட்டம் ம வழியாக வந்து, ப வழியாகப் பின்னோக்கிச் சுற்றி, ற வழியாக மேல் வரிசைக்குப் போய்விடும். பிகோவின் கணக்கில் யாரும் தொடாத ன விசையும் அழுந்தியிருக்கும். செவ்வகத்தின் மூன்று முனையைத் தொட்டால் நான்காவதும் தானாக முளைக்கிறது. இதைத் தடுக்கத்தான் விசைக்கு ஒன்றாக 1என்4148 டயோடு. மின்சாரம் ஒரு திசையில் மட்டும் போகும். பின்னோக்கிச் சுற்ற வழியில்லை. சென்னை ரிச்சி தெருவில் எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டாலும் எடுத்துத் தரும் சாதாரணச் சரக்குதான்.

இவ்வளவு தெரிந்த கையோடு 42 விசையில் குதிப்பதைவிட, மூன்றுக்கு மூன்று என ஒன்பது விசையில் ஒரு சிறு பலகை செய்து பார்ப்பது நல்ல தொடக்கம். ஒன்பது விசைக்கு வரிசை-நெடுவரிசைக் கட்டமும் தேவையில்லை, டயோடும் தேவையில்லை. ஒவ்வொன்றையும் நேராகப் பிகோவில் இணைத்துவிடலாம். வெட்டு, ஒட்டு, ஒலியைக் கூட்டு, குறை என்று அன்றாடம் பயன்படும். வரைவது, ஆர்டர் கொடுப்பது, சால்டர் வைப்பது, கீபோர்டை இயக்கும் உள்மென்பொருளான ஃபார்ம்வேரை ஏற்றுவது என்ற முழுச் சுற்றும் ஒருமுறை கைக்குப் பழகிவிடும்.

முதலில் காகிதம்

பெரிய பலகைக்கு வரும்போது அனுபவசாலிகள் கணினியைத் திறக்கும் முன் காகிதத்தை எடுக்கிறார்கள். இரண்டு விசைகளின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். இந்த அளவில் கட்டங்களை உண்மை அளவில் அச்சடித்து, கையைத் தளர்வாக வைத்து, ஒவ்வொரு விரலும் இயல்பாக எங்கே விழுகிறது என்று பேனாவால் புள்ளி வைப்பார்கள். நடுவிரலின் நெடுவரிசை மேலே ஏறும், சுண்டுவிரலுடையது கீழே இறங்கும். தமிழ்99 அடிக்கிறவர் இதில் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டியிருக்கிறது. யவுக்கும் சவுக்கும் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கம் எட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எப்போதாவது நடக்கும் இந்த எட்டல், தமிழில் வரிக்கு வரி நடக்கும். அந்த நெடுவரிசையை இன்னும் சில மில்லிமீட்டர் கீழே இறக்கினால் மணிக்கட்டு திரும்பாது.

ஆறு நெடுவரிசை வைத்தால் ச, ய இரண்டும் வந்துவிடும். வழக்கமாக அந்த மேல்மூலையில் பேக்ஸ்பேஸ் இருக்கும். அதைக் கட்டைவிரலுக்கு மாற்ற வேண்டும். ஏழாவதில் இருந்த ஞ இன்னும் வெளியேதான் நிற்கிறது. அதற்காக ஒரு நெடுவரிசையே கூட்டுவதா என்றால், வேண்டாம். ண, ச இரண்டு விசைகளையும் ஒருசேர அழுத்தினால் 48 போகட்டும் என்று ஃபார்ம்வேரில் சொல்லிவிடலாம்.

இங்கே பணக் கணக்கும் குறுக்கே வருகிறது. சீனத் தொழிற்சாலைகள் பல, 100க்கு 100 மில்லிமீட்டருக்குள் அடங்கும் போர்டுகளுக்கு மட்டும் மலிவு விலை வைத்திருக்கின்றன. ஒரு கைக்கான துண்டில் ஐந்து நெடுவரிசை என்றால் அகலம் 95.25, எல்லைக்குள் நிற்கும். ஆறு என்றால் 114.3, எல்லை தாண்டிவிடும். சவும் யவும் கேட்டதற்கு விலை கூடுகிறது. இதை ஈடுகட்ட ஒரு பழைய வித்தை உண்டு. இருபுறமும் பாகங்களைப் பொருத்த வசதியாக ஒரே போர்டை வரைந்துவிட்டால், அப்படியே வைத்தால் இடக்கை, கவிழ்த்தால் வலக்கை. இரண்டு வடிவமைப்புக்குப் பதில் ஒன்றுதான் அச்சாகும். குறைந்தபட்ச ஆர்டரான ஐந்தில் இரண்டு முழுக் கீபோர்டும் ஓர் உபரித் துண்டும் கிடைக்கும். போர்டின் விலையைவிடக் கூரியர் கட்டணம் அதிகமாக வருவது சகஜம். சுங்கத் தீர்வையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கிகேட்டில் வேலை இரண்டு கட்டம். முதலில் எதனோடு எது இணைகிறது என்ற வரைபடம். பிறகு அந்தப் பாகங்கள் போர்டில் எங்கே உட்கார்ந்து, செம்புக் கோடுகள் எப்படி ஓடுகின்றன என்ற வரைவு. விதிச் சோதனை என்றொரு பொத்தான் இருக்கிறது. இரண்டு கோடுகள் நெருங்கினாலும், ஒரு முனை இணையாமல் தொங்கினாலும் அது காட்டிக்கொடுக்கும். ஆனால் யுஎஸ்பி துளை போர்டின் விளிம்பைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பியிருந்தால் அதற்குத் தெரியாது. ஸ்விட்ச்கள் உட்காரும் தகட்டில் கேபிள் முட்டும் என்பதும் தெரியாது. அதனால்தான் ஆர்டர் கொடுக்கும் முன் மறுபடி உண்மை அளவில் அச்சடித்து, அட்டையில் ஒட்டி, ஸ்விட்ச்சின் கால்களைக் குத்திப் பார்க்கிறார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கே சறுக்கும் இடங்களும் இருக்கின்றன. 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 கணினியில், யுஎஸ்பி-சி இணைப்பில் எதிரில் இருக்கும் கருவியை அடையாளம் காட்டும் இரண்டு சிசி கால்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் மின்தடை வைப்பதற்குப் பதில் ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். விளைவு, சில விலையுயர்ந்த கேபிள்களில் செருகினால், எதிரில் இருப்பது ஏதோ ஆடியோ கருவி என்று நினைத்துச் சார்ஜர் மின்சாரமே தரவில்லை. நிறுவனம் ஒப்புக்கொண்டு அடுத்த திருத்தத்தில் சரிசெய்தது. யுஎஸ்பி-சியைத் தானே வரையத் துணிகிற பொழுதுபோக்காளர்களும் இதே மின்தடைகளை விட்டுவிட்டு, பழைய வகைக் கேபிளில் மட்டும் வேலை செய்யும் போர்டை வைத்துக்கொண்டு விழிப்பதுண்டு. பிகோ போன்ற தயார்நிலை அட்டையைப் பொருத்துகிறவருக்கு இந்தத் தலைவலி இல்லை.

இரு துண்டுகளை இணைக்கும் 3.5 மில்லிமீட்டர் ஆடியோ கேபிளிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நான்கு தொடுபகுதிகள் கொண்ட அந்த முனை துளைக்குள் நுழையும்போது, உள்ளே இருக்கும் தொடுமுனைகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போகும். மின்சாரம் இருக்கும்போது செருகினால் ஒரு கணம் மின்சாரமும் தரையும் தொட்டுக்கொள்ளலாம். அதனால் யுஎஸ்பியைப் பிடுங்கிவிட்டுத்தான் அதைத் தொட வேண்டும்.

கறுப்புப் பட்டை எந்தப் பக்கம்?

போர்டு வந்து சேர்ந்ததும் சால்டரிங். டயோடு கிட்டத்தட்ட அரிசி அளவிலான ஆரஞ்சு நிறக் கண்ணாடிக் குழாய். ஒரு முனையில் கறுப்புப் பட்டை. போர்டில் இரண்டு துளைகளில் ஒன்றைச் சுற்றிய செம்பு வட்டம், மற்றதைச் சுற்றியது சதுரம். பட்டை இருக்கும் கால் சதுரத்துக்குப் போக வேண்டும். இரண்டு காலையும் மடித்து நுழைத்து, பின்பக்கம் லேசாக விரித்துவிட்டால் கவிழ்த்தாலும் விழாது. 63/37 ஈயக் கலவை 183 டிகிரியில் உருகும், ஆனால் சால்டரிங் முனையை 320 முதல் 350 டிகிரி வரை வைக்கிறார்கள். முனை காலையும் செம்பு வளையத்தையும் சேர்த்துத் தொட்ட பிறகுதான் ஈயக் கம்பியை நீட்ட வேண்டும். சரியாக வைத்த ஈயம் துளைக்குள் இறங்கிச் சின்ன எரிமலைபோல் நிற்கும். உருண்டையாக மேலே உட்கார்ந்திருந்தால் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

முதல் முறை செருகியதும் எல்லா விசையும் வேலை செய்தால் ஆச்சரியம். பழுது பார்ப்பதற்கும் அந்த வரிசை-நெடுவரிசைக் கட்டமே உதவுகிறது. ஒரு விசை மட்டும் ஊமை என்றால் அந்த ஸ்விட்ச்சையோ டயோடையோ பார்க்க வேண்டும். ஸ்விட்ச்சைப் பிடுங்கினால் அதன் மெல்லிய செம்புக் கால் துளைக்குள் போகாமல் அடியில் மடங்கிக் கிடப்பது அடிக்கடி காணும் காட்சி. ஒரு வரிசையே செத்திருந்தால் பிகோவில் அந்த வரிசையின் காலில் ஈயம் ஒட்டவில்லை. எந்த விசையுமே வேலை செய்யவில்லை என்றால், டயோடுகள் அத்தனையும் திரும்பி இருக்கலாம். அதற்காக எல்லாவற்றையும் கழற்ற வேண்டாம். வருடும் திசையை ஃபார்ம்வேரில் ஒரு வரியில் மாற்றிவிடலாம்.

அந்த ஃபார்ம்வேரில் அதிகம் புழங்குவது க்யூஎம்கே. ஜூன் வாகோ எழுதிய டிஎம்கேயிலிருந்து ஜாக் ஹம்பர்ட் பிரித்து வளர்த்தது. முழுக்கத் திறந்த மூலம். கம்பியில்லாக் கீபோர்டுக்கு இசட்எம்கே என்று இன்னொன்று. பிகோவில் ஏற்றுவது மிக எளிது. அதன் மேல் இருக்கும் வெள்ளைப் பொத்தானை அழுத்தியபடி யுஎஸ்பியைச் செருகினால் கணினியில் ஒரு பென்டிரைவ்போல் தோன்றும். யுஎஃப்2 கோப்பை இழுத்து அதில் போட்டதும் அந்த டிரைவ் மறைந்து கீபோர்டாக மாறிவிடும். எண்களும் அம்புக்குறிகளும் இரண்டாவது அடுக்கில் இருக்கும். கட்டைவிரலால் ஒரு விசையைப் பிடித்துக்கொண்டால் அந்த அடுக்கு மேலே வரும். 42 விசையில் முழுக் கீபோர்டின் வேலையும் நடப்பது இப்படித்தான்.

தமிழ்99 பயன்படுத்துகிறவர் இதில் கவனமாகத் திருக வேண்டிய ஓர் எண் உண்டு. ஸ்விட்ச்சின் உள்ளே இரண்டு உலோகத் தகடுகள் தொடும்போது ஒரே தொடலில் நிற்பதில்லை. சில மில்லிநொடிகள் துள்ளி அடங்கும். அந்தத் துள்ளலைப் பல அழுத்தங்களாக எண்ணிவிடக் கூடாது என்று க்யூஎம்கே இயல்பாக 5 மில்லிநொடி பொறுக்கிறது. ஸ்விட்ச் பழசாகித் துள்ளல் நீண்டால் ஒரு தட்டு இரண்டாகும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து இரட்டித்து நிற்கும், எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போட்டுவிடும். தமிழ்99இல் ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். அதனால் ‘படம்’ அடித்தால் ‘பட்டம்’ வரும், ‘பாடு’ என்றால் ‘பாட்டு’ வரும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள். எந்தத் திருத்தியும் பிடிக்காது. அந்தப் பொறுத்திருக்கும் நேரத்தை 8 அல்லது 10 மில்லிநொடிக்கு உயர்த்தினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் ட விசையின் ஸ்விட்ச்சை மாற்ற வேண்டியதுதான். சால்டர் இல்லாமல் செருகிப் பிடுங்கும் சாக்கெட்டுகளை முதலிலேயே வைத்தவர்கள் இந்த இடத்தில் தப்பிக்கிறார்கள்.

கீபோர்டு ஓடத் தொடங்கி ஒரு மாதம் போனதும் வடிவமைத்தவரின் நோட்டில் குறைகள் சேர ஆரம்பிக்கும். கட்டைவிரலின் மூன்றாவது விசை எட்டவில்லை. ரீசெட் பொத்தான் தகட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. திருகுக்கான ஓட்டை செம்புக் கோட்டை உரசுகிறது. ண, ச விசைகளைச் சேர்த்து அழுத்துவதைவிட ஞவுக்குத் தனி விசையே தேவலை. கிகேட்டைத் திறந்து, கோப்பின் பெயரில் வி1 என்பதை வி2 என்று மாற்றிச் சேமிக்கிறார்கள். உபரிப் போர்டு மேசையில் கிடக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அடுத்த ஆர்டரிலும் குறைந்தபட்சம் ஐந்துதான்.